வீட்டுக்கு வந்த குட்டி விருந்தாளி

மழை விட்டுப் பனி தொடங்கும் நாட்களில், ராத்திரி பத்து மணிக்கு மேல், உங்கள் தெருவிலும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். 'க்யீ... க்யீ...' என்று விடாமல் ஒரு முனகல். மூடிய கடைப் படிக்கட்டுக்குக் கீழே, கட்டி முடிக்காத வீட்டின் மணல் குவியலில், டிரான்ஸ்பார்மர் அடியில் என்று எங்காவது நாலைந்து நாய்க்குட்டிகள் கிடக்கும். மறுநாள் பார்த்தால் மூன்று இருக்கும். அதற்கு மறுநாள் ஒன்று. மீதி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. காய்கறி வண்டிக்காரரைக் கேட்டால் சொல்லுவார், "வண்டியில மாட்டிக்கிச்சும்மா" என்று.

அந்த மிச்சமிருக்கும் ஒன்றை உங்கள் பெண் பள்ளிக்கூட யூனிபாரத்துக்குள் பொத்திக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறாள்.

"அம்மா, ஒரே ஒரு வாரம்மா... யாராவது கேட்டா கொடுத்துடலாம்மா!"

நீங்கள் என்ன சொல்வீர்கள்? "முடியாது" என்று சொன்னால் அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மனசு கேட்காமல் "சரி, உள்ளே கொண்டு வா" என்று சொல்லிவிட்டீர்களானால், அடுத்த இரண்டு மாதம் உங்கள் வீட்டில் என்னென்ன நடக்கும், எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

'சித்த வைத்தியருக்கும் நாய்க்குட்டிக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்ததெல்லாம் மனித உடம்பைப் பற்றித்தான். ஆனால் எட்டு வருஷமாக எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒன்று மாற்றி ஒன்றாகத் தெருக்குட்டிகள் வந்து தங்கிப் போகின்றன. இதுவரை இருபத்தாறு. மகள் கல்லூரியில் சேர்ந்தபோது ஆரம்பித்த பழக்கம் இது. அவள் வேலைக்குப் போய்விட்டாள். குட்டிகள் வருவது நிற்கவில்லை. இப்போது இந்தக் காரியத்தின் காரியதரிசி எங்கள் அத்தை, அதாவது என் மாமியார். வயது எழுபத்தெட்டு.

இதை 'ஃபாஸ்டர்' என்கிறார்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள். வளர்ப்பதற்காக எடுப்பது அல்ல, வளர்த்துக் கொடுப்பதற்காக எடுப்பது. காயம் பட்டதோ, தாயை இழந்ததோ, பெரிய காப்பகத்தில் விட்டால் நோய் தொற்றிக்கொள்ளும் என்கிற அளவுக்குச் சின்னதோ, அதை ஒரு குடும்பம் சில வாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளும். தேறியதும் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடும்.

ஏதோ புதுசாக வெளிநாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று நினைக்காதீர்கள். 1959-ல் சென்னை தியாகராய நகரில் மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார் விமானி கேப்டன் வி. சுந்தரம். அந்த வீட்டில் ஆரம்பித்ததுதான் 'புளூ கிராஸ் ஆஃப் இந்தியா'. தெருநாய்களைக் கொல்வதால் எண்ணிக்கை குறையாது, கருத்தடைதான் வழி என்று 1964-லேயே சொல்லிச் செய்யத் தொடங்கியவர்கள் அவர்கள். எத்தனை பெரிய அமைப்பு! அதற்கு வித்து ஒரு குடும்பம் வீட்டுக்குள் கொண்டுவந்த இரண்டு குட்டிகள்.

முதலில்... தூக்காதீர்கள்!

குட்டி கத்துகிறது என்றால் அநாதை என்று அர்த்தமில்லை. தாய் இரை தேடப் போயிருக்கும். தள்ளி நின்று இரண்டு மூன்று மணி நேரம் பாருங்கள். வயிறு உருண்டையாக இருந்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கினால் தாய் இருக்கிறாள். அவளுக்கு நல்ல சாப்பாடு வைத்தாலே போதும். உங்களைவிட அவள் நன்றாக வளர்ப்பாள். எட்டு வாரம்வரை தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கும் குட்டிதான் பிற்பாடு கடிக்காத, பயப்படாத நாயாக வளரும். ஒன்றையொன்று கடித்து விளையாடும்போதுதான் 'எவ்வளவு கடித்தால் வலிக்கும்' என்று அதற்குத் தெரிகிறது. பிரியத்தில் நாலு வாரக் குட்டியைப் பிரித்து எடுத்துவந்தால் அந்தப் படிப்பு நின்றுபோகிறது.

தாய் வண்டியில் அடிபட்டுவிட்டது, குட்டி சில்லிட்டுக் கிடக்கிறது, உடம்பில் புழு வைத்திருக்கிறது... அப்போது எடுங்கள்.

எடுத்ததும் நாம் எல்லோரும் செய்யும் முதல் காரியம் பிரிட்ஜைத் திறந்து பாலைச் சுட வைப்பது. வேண்டாமே! சில்லிட்ட குட்டிக்கு முதலில் வேண்டியது சூடு. பிறந்து மூன்று வாரம்வரை அதனால் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. குளிர்ந்த உடம்பில் ஊற்றும் பால் ஜீரணமாகாது, புரைக்கேறும். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். வயிற்றைத் தொட்டால் கதகதவென்று இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆகாரம்.

பசும்பால் நாய்க்குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது. அதிலிருக்கும் சர்க்கரை வயிற்றைக் கழிய வைக்கும். ஏற்கெனவே நீர்ச்சத்து இல்லாத குட்டிக்கு நாலு தடவை கழிந்தால் உயிர் போய்விடும். 'ஆட்டுப்பால் லேசானதாச்சே டாக்டரம்மா' என்று கேட்கிறவர்கள் உண்டு. அதிலும் அந்தச் சர்க்கரை ஏறக்குறைய அதே அளவுதான். நாய்க்குட்டிகளுக்கென்றே பால்மாவு இருக்கிறது. வளர்ப்புப் பிராணிகள் கடையில் கேளுங்கள். கண் திறக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம், ராத்திரியிலும்! மனிதக் குழந்தையைப்போல மல்லாத்திப் புகட்டக் கூடாது. அதைக் குப்புற வைத்து, தலையை லேசாகத் தூக்கி, தாய்மடியில் குடிப்பதுபோல் குடிக்கவிட வேண்டும். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றையும் பின்புறத்தையும் மெல்லத் தடவினால்தான் அது மூத்திரம், மலம் கழிக்கும். தாய் நாக்கால் செய்கிற வேலை அது. இது தெரியாமல் வயிறு உப்பிச் செத்துப்போகிற குட்டிகள் அநேகம்.

நாலாவது வாரத்திலிருந்து குழைந்த சோறு, வேகவைத்த கோழி, முட்டை என்று பழக்கலாம். நம் வீடுகளில் நாய்க்கு என்றாலே தயிர்சாதம்தான். ஒரு வேளைக்குப் பரவாயில்லை. ஆனால் வளரும் குட்டிக்குப் புரதம் வேண்டும். வெறும் தயிர்சாதத்தில் வளர்ந்த குட்டிக்கு வயிறு பெருத்து, கால் வளைந்து போகிறது. நீங்கள் சைவக் குடும்பமா? முட்டைவரை மனசு ஒப்பினால் எடுங்கள். அதுவும் முடியாதென்றால் அதற்கென்று விற்கும் தீனியை வாங்கிப் போடுங்கள். சமைத்த கோழி எலும்பு மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சிதறிக் குடலைக் குத்தும்.

பதினாலு நாள் தீட்டு

வந்த குட்டியை நேரே கூடத்துக்குக் கொண்டுபோய் மடியில் வைத்துக் கொஞ்சாதீர்கள். எங்கள் வீட்டில் பின்கட்டுக் குளியலறைதான் அதற்கு முதல் பதினாலு நாள் வாசஸ்தலம். அத்தை இதற்குத் 'தீட்டு' என்று பெயர் வைத்திருக்கிறார். தனித் தட்டு, தனித் துணி, உள்ளே போகத் தனிச் செருப்பு. வெளியே வந்ததும் முழங்கைவரை சோப்பு.

காரணம் பார்வோ என்கிற வைரஸ். தடுப்பூசி போடாத குட்டிகளைக் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போகும் நோய். காலையில் விளையாடிய குட்டி மத்தியானம் சோர்ந்து படுக்கும். வாந்தி. பிறகு ரத்தமாகப் பேதி. அந்த நாற்றத்தை ஒரு தடவை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். வைரஸ் உடம்புக்குள் போய் நோய் தெரியச் சுமார் மூன்று முதல் ஏழு நாள் ஆகும் என்பதால்தான், இன்று நன்றாக இருக்கிற குட்டியை நம்பிப் பழைய குட்டிகளோடு சேர்க்கக் கூடாது என்கிறேன். இன்னொரு விஷயம், நாம் ஊற்றித் தேய்க்கிற பினாயிலுக்கு இந்த வைரஸ் சாகாது! தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிளீச்சிங் கரைசலால் கழுவிப் பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். பார்வோ வந்த வீட்டில் தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவந்து வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். மனசு எவ்வளவு அடித்துக்கொண்டாலும் சில மாதம் பொறுங்கள்.

மூன்றாம் வருஷம் எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு குட்டிகள் இப்படிப் போயின. அவை வந்தபோதே நோயோடு வந்தவை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி, என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் பயனில்லை. சேர்க்கிற எல்லாமும் பிழைக்காது. இதை வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "ஊருக்குப் போயிடுச்சு" என்று பொய் சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதை நம்புவதும் இல்லை.

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, நாலு மாதம் ஆகும்வரை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதம் முடிந்ததும். பூச்சி மருந்து இரண்டு வாரக் குட்டியிலிருந்தே. தெருவில் பிறந்த குட்டி என்றால் வயிற்றில் பூச்சி இருக்கிறதென்றே வைத்துக்கொள்ளுங்கள். தாயின் கர்ப்பத்திலும் பாலிலும்கூட அது இறங்கிவருகிறது. அதன் முட்டை குட்டியின் மலத்தில் வந்து, மண்ணில் கிடந்து, விளையாடும் குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகும். கொக்கிப்புழுவின் குஞ்சுகள் வெறுங்காலின் தோலைத் துளைத்தே ஏறும். அதனால் ஒரே சட்டம்: மலத்தை உடனுக்குடன் அள்ளு, கையைக் கழுவு, செருப்பு போடு. கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, ஆஸ்துமாக்காரரோ, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவரோ வீட்டில் இருந்தால் இந்தச் சமயம் வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் மருந்துச் செலவுக்கு உதவலாம், நல்ல வீடு தேடித் தரலாம். அதுவும் பெரிய உதவிதான்.

சூரணம் கேட்காதீர்கள்

என்னிடம் வருகிற நோயாளிகளில் பாதிப்பேருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். "குட்டிக்குச் சொறி வந்திருக்கு, உங்க மருந்துல ஏதாவது கொடுங்களேன்" என்பார்கள். கொடுப்பதில்லை. நம் அளவும் அனுபானமும் மனித உடம்பைப் பார்த்து வகுத்தவை. நமக்கு மருந்தாக இருக்கிற பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பூச்சிக்குப் பூண்டு கொடுத்தேன் என்று ஒரு பெரியவர் வெளுத்துப்போன குட்டியைக் கொண்டுவந்து காட்டினார். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் இதயத்தைப் படபடக்க வைக்கும். ஜுரம் என்று பாரசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் ஆபத்துதான். நாயின் சாதாரண உடம்புச் சூடே ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். தொட்டுப் பார்த்துச் 'சுடுகிறதே' என்று மருந்து கொடுத்துவிடாதீர்கள்.

சொறிக்குப் பழைய எஞ்சின் ஆயில் தடவுகிறவர்கள், மண்ணெண்ணெய் தடவுகிறவர்கள், கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுகிறவர்கள்... அந்த ஜீவன் உடம்பை நக்கும் என்பதை ஏனோ நினைப்பதில்லை. எல்லாம் உள்ளே போகும். சொறிக்கும் உண்ணிக்கும் நல்ல மாத்திரைகள் இப்போது வந்துவிட்டன. கால்நடை மருத்துவர் எடை பார்த்துக் கொடுப்பார். அவரிடம் போங்கள்.

"குட்டிதானே கடிச்சுது!"

இந்தக் கட்டுரையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தாய் தன் ஒன்பது வயதுப் பெண்ணை இருமலுக்காக என்னிடம் அழைத்து வந்தார். நாடி பார்க்கக் கையை நீட்டச் சொன்னேன். ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி.

"என்னம்மா இது?"

பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல டாக்டரம்மா. நாங்களும் உங்களை மாதிரி ஒரு குட்டி எடுத்து வச்சிருக்கோம். ரெண்டு மாசக் குட்டி. விளையாட்டுல பல்லு பட்டுடுச்சு. மஞ்சள் வச்சிட்டேன்" என்றார்.

"எப்போ பட்டது?"

"முந்தாநேத்து."

"குட்டி சாப்பிடுதா?"

"நேத்துலேர்ந்து அவ்வளவா இல்ல. ஒரு மாதிரி மூலையில போய் உக்காந்துக்குது."

இருமலை அப்படியே விட்டுவிட்டு இருவரையும் அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏற்றி அனுப்பினேன். "இருமலுக்கு மருந்து?" என்று கேட்டார் அந்த அம்மா. "அது அடுத்த வாரம்" என்றேன். அன்றைக்கே தடுப்பூசியும், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டார்கள். மூன்றாம் நாள் குட்டி செத்தது. பரிசோதனையில் வெறிநோய் என்று வந்தது. அந்தப் பெண்ணோடு, குட்டிக்குக் கையால் ஊட்டிய பாட்டி, அப்பா, எச்சில் பட்ட பக்கத்து வீட்டுப் பையன் என எல்லோருக்கும் ஊசி. அந்தப் பெண் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். இருமலுக்கு இன்றும் என்னிடம்தான் வருகிறாள்.

இரண்டு மாதக் குட்டிக்கு வெறிநோய் வராது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. வரும்! வெறிநாய் கடித்த குட்டிக்கு வயது கணக்கில்லை. தடுப்பூசி போடும் வயதும் வராத குட்டிக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது. நோய்க்குறி வெளிப்பட்டுவிட்டால் மனிதருக்கும் சரி, நாய்க்கும் சரி, பிழைப்பு கிட்டத்தட்ட இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் உலகில் இந்த நோயால் சாகிறார்கள். வெறிநோய் உள்ள அல்லது அப்படிச் சந்தேகிக்கப்படும் பிராணிகளிடம் கடிபடுகிறவர்களில் பத்தில் நாலு பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். ஏனென்றால் பிள்ளைகள்தான் முகத்தருகே தூக்கிக் கொஞ்சுகிறவர்கள். கடித்ததைச் சொன்னால் குட்டியை அனுப்பிவிடுவார்களோ என்று மறைக்கிறவர்களும் அவர்கள்தான். குட்டியை வீட்டுக்குள் விடும் அன்றே அவர்களுக்குச் சொல்லுங்கள்: "கடிச்சா, கீறினா, புண்ணுல நக்கினா உடனே சொல்லணும். சொன்னா திட்ட மாட்டோம். குட்டியையும் அனுப்ப மாட்டோம்."

பல் பட்டால் அந்த நிமிஷமே குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிஷம்! மஞ்சள் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், காப்பித்தூள், மிளகாய்த்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். பிறகு நேரே ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகவே போடுகிறார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயமுறுத்திய அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் 2005 வாக்கிலேயே போய்விட்டது. இப்போது கையில் போடும் ஊசி: முதல் நாள், அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தெட்டாம் நாள். தோலுக்குள் போடும் முறையில் பதினாலாம் நாள் ஊசி இல்லை. ஆஸ்பத்திரியில் சொல்கிற தேதியைத் தவறவிடாதீர்கள். குட்டியைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். கவனித்துவிட்டுப் பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனிக்க வேண்டும்.

இப்போது சித்த வைத்தியராக ஒன்று சொல்கிறேன். நஞ்சு நூல் எங்கள் படிப்பில் ஒரு பாடம். அதைப் படித்தவள் என்கிற உரிமையோடு சொல்கிறேன். நாய்க்கடிக்குப் பச்சிலை கொடுக்கிறேன், வெற்றிலையில் மருந்து தருகிறேன் என்று யார் சொன்னாலும், அவர் என் துறைக்காரராகவே இருந்தாலும், போகாதீர்கள். பாஸ்டர் 1885-ல் ஒரு சிறுவனுக்குப் போட்டுக் காட்டிய தடுப்பூசி வழிதான் இந்த நோய்க்கு வழி. நமக்கு நீலகிரி குன்னூரிலேயே 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டால் பத்தியம் உண்டா என்று அடுத்த கேள்வி வரும். பத்தியத்தை வற்புறுத்துகிற வைத்தியர்தான் நான். இதற்கு மட்டும் கிடையாது. கத்திரிக்காய், கருவாடு எதையும் தள்ளவேண்டாம்.

தொடர்ந்து குட்டிகளை எடுக்கிற குடும்பமாக ஆகிவிட்டால் கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் ஊசி இருக்கிறது. நாங்கள் ஐந்து பேரும் போட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பிறகும் பல் பட்டால் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய், மேலும் இரண்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு ஏன் தங்கினாள்?

"பேர் வைக்காதே. பேர் வச்சா அனுப்ப மனசு வராது" என்றார் அத்தை முதல் குட்டி வந்தபோது. ஆனால் ஒரு ஜீவனை எப்படிக் கூப்பிடுவது? அதனால் வந்த கிழமையால் கூப்பிட்டோம். புதன், வெள்ளி, இரண்டாவது புதன், சின்ன வெள்ளி... போகிற வீட்டில் அவர்கள் விரும்பிய பெயரை வைத்துக்கொள்ளட்டும். சின்ன வெள்ளி இப்போது ஒரு மாடிவீட்டில் 'ரோஸி'யாக இருக்கிறது.

இருபத்தாறில் தங்கியது ஒன்றே ஒன்று. ஞாயிறு. பின்னங்கால் ஒன்று எடுக்கப்பட்டது, பெட்டை, நிறம் கறுப்பு. ஏழு மாதம் பார்த்தும் யாரும் கேட்கவில்லை. பிறகு நாங்கள் கேட்பதையே விட்டுவிட்டோம்.

பெட்டை என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் பேச வேண்டும். குட்டி இருக்கிறது என்று தெரிந்ததும் போன் வரும். முதல் கேள்வி, "ஆணா, பெண்ணா?" பெண் என்றால், "சொல்றேங்க" என்று வைத்துவிடுவார்கள். ஒரே தாய்க்குப் பிறந்த ஆறில் ஆண் குட்டிகள் ஒவ்வொன்றாகப் போய்விடும். சாக்கில் கட்டி மார்க்கெட் பக்கம் விடப்படுவதெல்லாம் பெட்டைகள்தான். குட்டி போடும், தெருநாயெல்லாம் வாசலில் வந்து நிற்கும், தொந்தரவு... இதுதான் காரணம். ஆறு மாதத்தில் ஒரு கருத்தடை ஆபரேஷன் செய்தால் இத்தனையும் தீர்ந்தது! கர்ப்பப்பையில் சீழ் வைக்கிற நோயும் வராது. பெண் குழந்தை பிறந்த வீட்டில் உதட்டைப் பிதுக்கிய தலைமுறையில் வளர்ந்தவள் நான். நாய்க்குட்டி விஷயத்திலும் அதே உதட்டுப் பிதுக்கலைப் பார்க்கிறபோது எரிச்சல் வருகிறது. இப்போதெல்லாம் "ஆண் இல்லை, பெண்தான். ஆபரேஷன் எங்கள் செலவு" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாலில் ஒருவராவது வருகிறார்.

ஒன்று தங்கினால் இடம் ஒன்று குறைகிறது. இது கணக்கு. மனசு இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, நல்ல ஆத்மாக்கள், யாரிடமும் 'இல்லை' சொல்லத் தெரியாமல் இரண்டு அறை வீட்டில் பதினொரு நாய்களை வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. மூன்று வருஷமாக ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. மகன் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். நாய்களுக்கும் அங்கே சுகமில்லை. ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன. எங்கள் வீட்டில் ஒரு சமயத்தில் இரண்டு குட்டிக்குமேல் கிடையாது. பரீட்சை மாதத்திலும், வீட்டில் ஒருவர் படுத்தாலும் ஒன்றும் கிடையாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூடையோடு கதவைத் தட்டுகிறவரிடம் 'இல்லை' சொல்லும் வேலை அத்தையுடையது. எங்களில் அவருக்குத்தான் அது கொஞ்சமாவது வருகிறது.

2025-ல் தெருநாய்ப் பிரச்னை உச்ச நீதிமன்றம்வரை போனதைப் படித்திருப்பீர்கள். கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாய்களை, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று அந்த ஆகஸ்ட் 22-ல் வந்த உத்தரவு, தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர் பொறுப்பு என்றும் சொன்னது. நாய்களை வெறுப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்களில் பலர் கடிபட்டவர்கள், அல்லது கடிபட்ட பிள்ளையைப் பெற்றவர்கள். ஆனால் மூன்று மாதத்துக்குள் ஒரு குட்டியைத் தெருவிலிருந்து எடுத்து, ஊசி போட்டு, ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்து ஒரு வீட்டில் சேர்த்தால், பிற்பாடு கடிக்கக்கூடிய ஒரு நாயும், அது போடக்கூடிய குட்டிகளும் தெருவில் குறைகின்றன. எதிர்வீட்டுக்காரர் முதலில் எங்களோடு பேசாமல் இருந்தவர். இதைச் சொல்லித்தான் சமாதானம் செய்தோம். இப்போதும் நாய் பிடிக்காது அவருக்கு. பழைய செய்தித்தாள் மட்டும் மாதாமாதம் கட்டிவைத்துக் கொடுத்துவிடுகிறார்.

போகும் நாள்

குட்டியைக் கேட்டு வருகிறவர்களை நாங்கள் பெண் பார்க்க வந்தவர்களைப் போலக் குடைந்தெடுப்போம். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? சொந்த வீடா, வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதம் உண்டா? வீட்டுப் பெரியவருக்கு நாய் பிடிக்குமா? ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள்? "மொட்டை மாடியில கட்டிப் போட்டுடுவோம்ங்க, காவலுக்குத்தான்" என்று சொன்னவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டோம். பிறந்தநாள் பரிசாகக் கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை. வீட்டில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போய், ஒரு வாரம் யோசித்துவிட்டு மறுபடி வருகிறவர்களுக்குத்தான் முன்னுரிமை.

கொடுப்பதற்கு நல்ல வயது எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். மூன்றாவது வாரத்திலிருந்து பதினாலாவது வாரம்வரைதான் குட்டி உலகத்தைப் பழகிக்கொள்கிறது. மிக்ஸி சத்தம், குக்கர் விசில், குடை, தாத்தாவின் கைத்தடி, காலிங்பெல்... அந்தப் பருவத்தில் நல்லவிதமாகப் பார்த்ததற்கெல்லாம் அது பிறகு பயப்படாது. அதனால் 'தீட்டு' கழிந்ததும் குட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நாம் சமைக்கிற, சண்டை போடுகிற, டிவி பார்க்கிற சாதாரண வாழ்க்கைதான் அதற்குப் பள்ளிக்கூடம்.

அனுப்புகிற அன்று பிள்ளைகள் அழுவார்கள். அழட்டும். என் மகள் முதல் குட்டி போன அன்று ராத்திரி சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர், நாற்பது வருஷ பேங்க் உத்தியோகத்தில் முகம் மாறாதவர், பின்கட்டில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நாமே வச்சுக்கலாமே" என்று யாராவது ஒருவர் அன்று கட்டாயம் சொல்வார்கள். அன்றைக்கு எதையும் முடிவு செய்யாதீர்கள். குட்டி போய் இரண்டு நாள் கழித்து, அது புது வீட்டில் சோபாமேல் படுத்துத் தூங்கும் படம் போனில் வரும். பிள்ளைகள் அதைப் பத்துப் பேருக்குக் காட்டுவார்கள். அடுத்த குட்டி எப்போது என்று கேட்பார்கள்.

குட்டியோடு ஒரு காகிதம் கொடுத்தனுப்புங்கள். என்ன சாப்பிட்டது, எத்தனை வேளை, எந்தத் தேதியில் என்ன ஊசி, அடுத்தது எப்போது, பூச்சி மருந்து எப்போது, ஆபரேஷன் எந்த மாதம், மாநகராட்சியில் உரிமம் எடுக்க வேண்டிய விவரம், உங்கள் போன் நம்பர். 'ஒத்துவராவிட்டால் எந்த நேரத்திலும் எங்களிடமே திருப்பிக் கொண்டுவாருங்கள், தெருவில் விடாதீர்கள்' என்று கடைசி வரியில் தவறாமல் எழுதுங்கள். எங்களுக்கு அப்படி மூன்று திரும்பி வந்திருக்கின்றன. மூன்றுக்கும் வேறு வீடு கிடைத்தது.

அத்தை இதோடு இன்னொன்றும் கொடுத்தனுப்புவார். குட்டி படுத்திருந்த பழைய புடவைத் துண்டு, துவைக்காமல். புது வீட்டில் முதல் ராத்திரி அது கத்தும். அந்தத் துணியை அதன் கூடையில் போடச் சொல்லுங்கள்.